இறங்க முடிகிற வேகம்

பயணத்தில் வேகம் என்பது வசதியைப் பொறுத்தது என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். வசதி இருப்பவர் விரைந்து போகிறார். இல்லாதவர் மெல்லப் போகிறார். இதில் நன்மை தீமை பற்றிய கேள்வி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஒரு மாலைப்பொழுது அந்த எண்ணத்தைக் குலைத்தது.

வேலூரில் உறவினர் ஒருவரைப் பார்த்துவிட்டு வாடகைக் காரில் ஜோலார்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடியை நோக்கி வண்டி விரைந்தது. தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு மிதிவண்டி சாய்ந்து கிடந்தது. அதன் பின்னால் கட்டியிருந்த புல்லுக்கட்டு அவிழ்ந்து சிதறியிருந்தது. அருகில் ஒரு மனிதர் கிடந்தார். கண்டது ஒரு நொடிதான். “யாரோ விழுந்து கிடக்கிறாரே” என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் அந்த இடம் வெகு பின்னால் போய்விட்டது. ஓட்டுநர் இரக்கமற்றவர் அல்லர். “நடுவில் தடுப்பு இருக்கிறது, ஐயா. திரும்ப வேண்டுமானால் அடுத்த இடைவெளி வரை போக வேண்டும். அதற்குள் யாராவது தூக்கி விட்டிருப்பார்கள்” என்றார். அவர் சொன்னதை நாம் ஏற்றுக்கொண்டோம். ஏற்றுக்கொள்ள விரும்பினோம் என்பதே உண்மை. அந்த மனிதர் எழுந்தாரா இல்லையா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது.

அன்றிரவு நம் மனத்தில் வந்து நின்றது எரிகோவுக்குப் போகும் சாலை. அடிபட்டுக் கிடந்தவரைக் குரு கண்டார், லேவியர் கண்டார், சமாரியரும் கண்டார். மூவரில் ஒருவரே அருகில் சென்றார். இந்த உவமையைப் பன்முறை கேட்டிருக்கிறோம். ஆனால், அம்மூவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் பயணம் செய்தவர்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. மூவராலும் நிற்க முடிந்தது. அதனாலேயே நின்றவரின் அன்பும் நில்லாதவர்களின் அன்பின்மையும் அங்கே தெளிவாகத் தெரிகின்றன. நம் நிலை வேறு. நில்லாமல் போவது என்ற முடிவை விழுந்தவரைக் கண்ட பிறகு நாம் எடுக்கவில்லை. வண்டியில் ஏறும்போதே, ஏன், அந்தச் சாலையைப் போடும்போதே அது எடுக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் நமக்குப் பொறுப்பு இல்லையா? காணாமல் இருப்பதற்கான ஏற்பாட்டை நாமே செய்துகொண்டு, பிறகு காணவில்லை என்று சொல்ல முடியுமா?

இக்கேள்வி விடாமல் துரத்தியதால், அடுத்து வந்த தவக்காலத்தில், வீட்டின் பின்புறம் துருவேறிக் கிடந்த மிதிவண்டியைத் துடைத்து எடுத்தோம். ஜோலார்பேட்டை இரயிலால் வளர்ந்த ஊர். 1864ஆம் ஆண்டு இங்கிருந்து பெங்களூருக்குப் பாதை திறக்கப்பட்டது முதல் இவ்வூரின் உறக்கமும் விழிப்பும் இரயிலின் ஓசையோடுதான். ஆனால், சந்திப்பை விட்டு விலகி, மண்டலவாடி, பொன்னேரிப் பக்கம் வயல்களுக்கு நடுவே செல்லும் சிறு சாலைகளில் விடியற்காலையில் இன்னும் அமைதி இருக்கிறது. புளிய மரங்களின் நிழல், கிணற்று மோட்டாரின் சத்தம், ஈர மண்ணின் வாசனை, ஆடுகளை ஓட்டிச் செல்லும் பெரியவரின் குரல், இவற்றோடு ஏலகிரி மலை மெல்ல அருகில் வரும். மலைச்சாலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் நம் முழங்கால்களுக்கு ஆகாதவை, அடிவாரத்தோடு திரும்பிவிடுவோம். இரயில் சன்னலிலிருந்து நூறு முறை பார்த்த மலைதான். ஆயினும் அதன் பாறைகளின் நிறத்தை அப்போதுதான் அறிந்தோம்.

ஒரு நாள் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி சங்கிலி கழன்ற மிதிவண்டியோடு வழியில் நின்றிருந்தாள். இறங்கினோம், சங்கிலியை மாட்டினோம், கையெல்லாம் மசியானது. “நன்றிங்க தாத்தா” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இதைப் பெரிய அறச்செயல் என்று சொல்லிக்கொள்ள இடமில்லை. நாம் திடீரென்று நல்லவராகிவிடவுமில்லை. நெடுஞ்சாலையில் நில்லாமல் போன அதே மனிதர்தாம் இங்கே நின்றோம். அங்கே நிற்பதற்குத் துணிவும் முயற்சியும் தேவைப்பட்டன. இங்கே நில்லாமல் போவதற்குத்தான் மனத்தைக் கடினமாக்கிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

இத்தகைய பயணத்துக்கென்றே பாதை அமைத்த நாடுகள் உண்டு. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி என்ற ஊருக்கும் பழம்பெரும் துறவு மடத்தால் புகழ்பெற்ற குளுனிக்கும் இடையே 44 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படியொரு பாதை செல்கிறது. ஒரு காலத்தில் அது இரயில் ஓடிய தடம். தண்டவாளங்களை அகற்றி, 1997ஆம் ஆண்டு, நடப்பவர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் அதைத் திறந்துவிட்டார்கள். திராட்சைத் தோட்டங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் கடந்து, சகோதரர் ரோஜர் 1940இல் வந்து தங்கிய தேய்சே என்ற சிற்றூரின் அடிவாரம் வழியாக அது போகிறது. இத்தகைய ‘பசுமை வழி’களில் மோட்டார் வண்டிகள் ஓடக் கூடாது என்பதை 2004இல் அந்நாட்டின் சாலை விதிகளே வரையறுத்தன. இவை அல்லாமலும், ஊருக்கு ஊர் செல்லும் சிறு சாலைகளின் வலைப்பின்னல் அங்கே பரந்து கிடக்கிறது. மணிக்கணக்காக மிதித்தாலும் சில வண்டிகளே எதிர்ப்படும் என்பதால், ஆண்டுதோறும் பலர் அந்த அமைதியைத் தேடி அங்கே செல்கிறார்கள்.

அந்த அமைதிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததால் வெறுமையான கிராமங்களின் அமைதி. அது பொறாமைப்படத் தக்கதன்று. மற்றொன்று, மெல்லச் செல்பவர்க்கும் வழி உண்டு என்று ஒரு சமூகம் முடிவுசெய்து, விரைந்து செல்பவரைச் சற்று விலகிப் போகச் சொன்னதால் கிடைத்த அமைதி. இந்த இரண்டாவதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

நம் பகுதியிலும் கைவிடப்பட்ட இரயில் தடம் இருந்தது. அருகிலுள்ள திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் திறக்கப்பட்ட குறுகிய இரயில் பாதை 1941இல் மூடப்பட்டது. அதைப் பற்றிப் பேசுவாரும் இன்று அதிகமில்லை. தண்டவாளம் போனபின் அது யாருக்குப் பயன்படலாம் என்ற கேள்வி நம்மிடம் எழவேயில்லை. எழாததற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் மிதிவண்டி ஓய்வுக்குரிய பொருளாக இருந்ததில்லை. தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவரும், பால் கேனைக் கட்டிக்கொண்டு வந்தவரும், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்ற சிறுவனும் ஓட்டியது அது. ஏழையின் வண்டிக்குத் தனிப்பாதை கேட்பவர் யார்?

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. “விடுமுறை நாளில் இன்பத்துக்காக மிதிப்பவர் அமைதியைப் பாடலாம். இருபது கிலோமீட்டர் வெயிலில் மிதித்து வேலைக்குப் போனவரைக் கேட்டுப் பாருங்கள். மொபெட் வாங்கிய நாளே அவருக்குத் திருநாள்.” உண்மைதான். பிறருடைய வறுமையைப் புகழ்ந்து பாட நமக்கு உரிமையில்லை. எல்லாரும் மிதிவண்டிக்குத் திரும்ப வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. மருத்துவமனைக்கு விரைகிற வண்டிக்கு வேகம் வேண்டும். நாம் கேட்பது இதுதான்: ஒருவர் அடையும் வேகத்தின் விலையை மற்றொருவர் தம் உடலால் கொடுக்க வேண்டுமா?

1926இல் வியன்னாவில் பிறந்து, குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, பின்னாளில் குருத்துவப் பணியிலிருந்து விலகிய சிந்தனையாளர் இவான் இல்லிச், 1973ஆம் ஆண்டளவில் இக்கேள்வியை எழுப்பினார். காருக்காக உழைக்கும் நேரம், ஓட்டும் நேரம், காத்திருக்கும் நேரம் அனைத்தையும் கூட்டினால், ஓர் அமெரிக்கர் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர்கூடப் போவதில்லை என்று அவர் கணக்கிட்டார். ஓர் எல்லைக்கு மேற்பட்ட வேகம் சிலருக்கு நேரத்தைக் கொடுக்கப் பலரிடமிருந்து பறிக்கிறது என்பது அவர் வாதம். அதே மனிதர் தம் இறுதி ஆண்டுகளில் நல்ல சமாரியர் உவமையை ஆழ்ந்து சிந்தித்தார் என்பது தற்செயலாக நமக்குத் தோன்றவில்லை.

வேகம் சாலையில் கிடப்பவரை மட்டும் மறைப்பதில்லை. பாலாற்றங்கரையில் தோல் கழிவின் நாற்றம் வந்தால் காரின் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம்; சிறிது நேரத்தில் அந்த இடம் கடந்துபோகும். மிதிவண்டிக்குக் கண்ணாடி இல்லை. அந்த நாற்றத்தோடு வாழ்கிற வீடுகளின் வாசலை அது மெல்லத்தான் கடக்கும். வேலூர் மாவட்டக் குடிமக்கள் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போக வழியில்லாத மக்களின் துயரமே அவ்வழக்குக்கு அடிப்படை.

2022ஆம் ஆண்டு மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைக் காவல்துறையோ மருத்துவமனையோ அலைக்கழிக்கக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலிமை தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அப்பாதுகாப்பு இடம்பெற்றது. உதவுபவருக்கு அச்சட்டம் தரும் பெயர் ‘நல்ல சமாரியர்’ என்பதே. நற்செய்தியின் சொல் நாட்டின் சட்டத்தில் ஏறிவிட்டது. சட்டம் அச்சத்தை நீக்கலாம். வண்டியை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே நம் பங்கு மக்களிடம் வேண்டுவது சிறியது. வாரத்தில் ஒரு நாளேனும், அண்மையில் இருக்கும் இடத்துக்கு, நினைத்தவுடன் இறங்க முடிகிற வேகத்தில் போய்ப் பாருங்கள். ஊராட்சியிலும் நகராட்சியிலும் சாலை பற்றிப் பேச்சு வரும்போது, ஓரத்தில் மிதித்துச் செல்பவருக்கு இடம் எங்கே என்று ஒருவராவது கேளுங்கள்.

இதை எழுதும் முன், அன்று நாம் கடந்து வந்த இடத்தை மீண்டும் ஒரு முறை போய்ப் பார்த்தோம். ஓட்டுநர் சொன்ன அந்த இடைவெளி அங்கே இருக்கிறது. திரும்பி வந்திருந்தால் பத்து நிமிடங்கள் ஆகியிருக்கும். அன்று வீட்டில் நமக்காக அவசரமான வேலை எதுவும் காத்திருக்கவில்லை.