சாத்திய கதவின் பின்னே

ஸ்காட்லாந்தின் டார்தர்வால்ட் கிராமத்தில் ஒரு கூரை வீடு. ஒரு பக்கம் அடுப்படி, மறுபக்கம் காலுறை பின்னும் தறிகள், நடுவே ஒரு சிற்றறை. சாப்பாடு முடிந்ததும் ஜேம்ஸ் பேட்டன் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தம் பிள்ளைகளுக்காக அவர் நடுங்கும் குரலில் மன்றாடுவது வெளியே கேட்கும். பிள்ளைகள் ஓசைப்படாமல் நுனிக்காலில் அந்தக் கதவைக் கடந்துபோவார்கள்.

பதினொரு பிள்ளைகளில் மூத்தவர் ஜான். 1858-ல் பசிபிக் கடலின் டான்னா தீவுக்கு ஊழியத்துக்குப் போனார். அடுத்த ஆண்டே மனைவியையும் பச்சைக் குழந்தையையும் தன் கையாலேயே குழிவெட்டிப் புதைத்தார். ஆனாலும் விசுவாசத்தை விடவில்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் அவரைத் தாங்கிப் பிடித்தது, அந்தச் சிற்றறையிலிருந்து சிறுவயதில் கேட்ட குரல்தான்.

பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்க்கும் பொறுப்பை எபேசியர் 6:4 தகப்பன்மாரிடமே ஒப்படைக்கிறது. ஞாயிறுதோறும் பிள்ளையை ஆலய வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும் தகப்பனே, நீயும் உள்ளே வா. இன்றிரவு படுக்குமுன் உன் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவன் காதில் விழும்படி ஜெபம் செய். நீ சொல்லும் புத்திமதியை அவன் மறந்துபோகலாம்; நீ முழங்காலில் நின்றதை மறக்கமாட்டான்.