ஆறிப்போன முட்டை

மகளுக்கு ஒன்றரை வயதானபோது அவளை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் மனைவியும் பெங்களூரு வேலைக்குத் திரும்பினோம். கிளம்பும்போது பெரியம்மா சொன்னாள்: "காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுடா." பதில் வரவில்லை. அதன்பிறகு ராத்திரிகளில் விலங்குகள் எப்படிப் பிள்ளை வளர்க்கின்றன என்று தேடித்தேடி வாசித்தேன். எனக்குச் சாதகமாக ஒரு சாட்சி கிடைக்காதா என்றுதான்.

முதலில் கொமோடோ டிராகன். இந்தோனேசியத் தீவுகளில் மூன்று மீட்டர் வரை வளரும் உடும்பு. மானையே அடித்துத் தின்னும். தன் இனக் குட்டிகளையும் விடாது. அதனால் பொரிந்து வந்த குட்டிகள் நேராக மரம் ஏறிவிடுகின்றன. முதல் சில வருடங்கள் அங்கேதான் குடித்தனம். கொடூரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இதே இனத்தின் தாய், முட்டையிட்ட குழியை மாதக்கணக்கில் காவல் காக்கிறது. குட்டிகள் வெளிவரும் முன்பே கிளம்பியும் விடுகிறது. பின்னொரு நாள் எதிரே வந்தால் அதற்கு அது வெறும் இரை.

அடுத்தது அலாஸ்கா தீவுகளில் வளைக்குள் முட்டையிடும் ஸ்டார்ம் பெட்ரல். கையில் அடங்கும் கடற்பறவை, சுமார் 55 கிராம். வருடத்துக்கு ஒரே முட்டை. அப்பாவும் அம்மாவும் ஷிப்ட் போட்டு அடைகாக்கின்றன. ஒன்று கடலுக்குப் போனால் மற்றது வளையில் பட்டினி. நல்ல பெற்றோர் இதுதான் என்று முடிவுகட்டப் போனேன். ஆனால் இரை குறைந்து, போனது திரும்பத் தாமதமானால், வளையில் இருப்பதும் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். நீண்ட ஆயுள் கொண்ட பறவை. இந்த ஒரு முட்டைக்காகச் செத்தால் இனி இடப்போகும் முட்டைகளெல்லாம் போச்சு. முட்டை நாள்கணக்கில் குளிர்ந்து கிடக்கும். ஆச்சரியம், பெரும்பாலும் சாவதில்லை. பெற்றோர் வந்து உட்கார்ந்ததும் கரு மறுபடி வளர்கிறது. பொரிவது தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சாட்சி கிடைத்துவிட்டது. ஆனாலும் உறுத்தியது. முட்டை தாங்கும் என்பதால் விட்டுப்போனது சரியாகிவிடுமா? பறவையிடம் இதைக் கேட்க முடியாது, அதற்கு வேறு வழி தெரியாது. உடும்புக்கும் அப்படித்தான். எனக்குத் தெரிந்திருந்தது. ஊர்ப்பக்கமே ஒரு வேலை வந்தது. சம்பளம் பாதி என்று வேண்டாம் என்றேன். "குழந்தைங்க தாங்கிக்கும்" என்று நண்பர்கள் சொன்னபோது தலையாட்டினேன். தாங்குவது அவள். முடிவெடுத்தது நான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் நிற்பேன். முதல் பத்து நிமிடம் அவள் பாட்டியின் புடவைக்குப் பின்னால் இருப்பாள். நான் பையை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்வேன்.