இரு நாளில் ஒரு நகரம்

வார இறுதியிற் கிடைக்கும் இரண்டு நாள் ஓய்வில் ஓர் இந்திய நகரைக் கண்டுவர விரும்புவோர் முதலிற் செய்வது பட்டியல் எழுதுவதாகும். எதைப் பார்ப்பது, எதை விடுவது, எங்கே தங்குவது, எதில் ஏறிச் செல்வது என்பன அதில் இடம்பெறும். இது வசதி பற்றிய விடயமாகவே பலருக்கும் தோன்றும். ஆனால் காலம் குறுகக் குறுகத் தெரிவு கடுமையாகின்றது. தெரிவு கடுமையாகும்போது நாம் எதனை மதிக்கின்றோம் என்பதும் வெளிப்பட்டு விடுகின்றது. அவ்வகையில் பயணத் திட்டம் ஓர் அறவியற் பிரச்சினையே. 2001 முதல் கொல்கத்தா எனப் பெயர் மாற்றம் பெற்ற கல்கத்தா நகரை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இரு நாளில் ஒரு நகரைக் காண முயல்வதே மேம்போக்கான செயல் என்று கூறுவோர் உளர். மாதக்கணக்கில் ஊர் சுற்றுவதற்குப் பணமும் பொழுதும் படைத்தோரின் கூற்று இது. ஆசிரியருக்கும் இலிகிதருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் கிடைப்பது ஓரிரு நாளே. அந்நாட்களும் எவரோ இரங்கி ஈந்த கொடையல்ல. கல்கத்தாவுக்குப் புகையிரதத்தில் வருவோரிற் பலர் இறங்கும் ஹௌரா நிலையத்தில், 1862ஆம் ஆண்டில், ஏறக்குறைய 1,200 தொழிலாளர் எட்டு மணி நேர வேலைநாள் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். சிக்காகோ நகரின் மே தினப் போராட்டம் எழுந்தது அதற்கு 24 ஆண்டுகள் கழித்தே. வாராந்த ஓய்வு பற்றிய சர்வதேச உடன்படிக்கை உருவானதோ 1921இல். ஆகவே ஓய்வு குறுகியது என்று பழித்தல் தகாது. அதனை எவ்வாறு பயன்படுத்துகின்றோம் என்பதே வினா.

வழக்கமான பட்டியலில் முதலிடம் பெறுவது விக்டோரியா ஞாபகார்த்த மண்டபம். 1901இல் மகாராணி இறந்தபின் கர்சன் பிரபுவின் எண்ணத்தில் உதித்த இம்மண்டபத்துக்கு 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1921இல் அது திறக்கப்பட்டது. செலவு ஒரு கோடி ரூபாவுக்கு மேல். சுதேச மன்னரும் செல்வந்தரும் நன்கொடை வழங்கினர் என்பர். அம்மன்னருக்கு அப்பணம் எங்கிருந்து வந்தது? வரி செலுத்திய உழவனிடமிருந்தன்றோ? மக்ரானாவில் வெட்டியெடுத்த வெண்சலவைக் கல் நம் கண்ணைக் கவர்கின்றது. அதனை வெட்டியவனையும் சுமந்தவனையும் செதுக்கியவனையும் நினைப்போர் அரியர். இதனால் மண்டபத்தைப் பார்க்கக் கூடாது என்பது நம் கருத்தன்று. உழைப்பாளியின் கையில் உருவான அழகு உழைப்பாளிக்கே உரியது. ஆட்சியாளரின் பெயரைத் தாங்கி நிற்பதால் அதனை ஆட்சியாளருக்கே விட்டுக்கொடுத்தல் பேதைமையாகும்.

ஹௌராப் பாலத்தையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். ஏறக்குறைய 26,500 தொன் உருக்கினாலான அப்பாலம் 1943 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டிலேதான் வங்கப் பஞ்சம் தன் கோர முகத்தைக் காட்டியது. சோறு தேடிக் கிராமங்களிலிருந்து நகருக்கு வந்த குடியானவர் தெருவோரங்களில் மடிந்தனர். பஞ்சத்தில் இறந்தோர் தொகை இருபது முதல் முப்பது இலட்சம் வரை என மதிப்பிடப்படுகின்றது. அத்துணை உருக்கைத் திரட்டி ஆற்றைக் கடக்க வழி செய்த ஓர் ஆட்சி, பசித்தவனிடம் அரிசியைக் கொண்டு சேர்க்கவில்லை. ஆற்றல் இல்லாமையா காரணம்? அவ்வாற்றல் யாருக்காக இயங்கியது என்பதே காரணம். இதனை அறிந்து பாலத்தில் நிற்பவன் காண்பதும் அறியாது நிற்பவன் காண்பதும் ஒன்றல்ல.

இதற்கு மறுபுறத்தில் வேறொரு தவறும் உண்டு. மாளிகைகளை ஒதுக்கிவிட்டு வறுமையையே காட்சிப்பொருளாக்கி, சேரிகளைப் படம் பிடித்து வருவோர் சிலர். வறியவனின் வாசல் நூதனசாலையன்று. அழையாத வீட்டினுள் கமெராவுடன் நுழைவதை இரக்கம் என்று கூற முடியாது.

இவற்றினும் கடினமான வினா ஒன்று தெருவிலே நமக்காகக் காத்திருக்கின்றது. மனிதன் இழுக்கும் றிக்ஷா இந்நகரில் இன்னும் முற்றாக மறையவில்லை. 1953இல் வெளிவந்த பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ திரைப்படத்தில், நிலத்தைக் காப்பாற்றப் பணம் தேடிக் கல்கத்தாவுக்கு வந்து றிக்ஷா இழுக்கும் உழவனைக் காண்கின்றோம். இன்று இழுப்போரிலும் பலர் பீகார்க் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரே. நாம் ஏறினால் ஒரு மனிதனை விலங்காக்குகின்றோம். ஏற மறுத்தால் அவனது ஒரு வேளைச் சோற்றைத் தட்டிப் பறிக்கின்றோம். எது நெறி?

2006இல் மேற்கு வங்கச் சட்டசபை இத்தொழிலை ஒழிப்பதற்குச் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. கொண்டுவந்தது இடதுசாரி அரசு. எதிர்த்தோருள் றிக்ஷா இழுப்போரும் இருந்தனர். ‘நாளை எங்கள் பிழைப்பு என்ன?’ என்பதே அவர்கள் கேள்வி. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு. ஏறாமல் நடப்பவன் தன் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்கின்றான். ஏறிக் கூலியை மிகுத்துக் கொடுப்பவன் மன அமைதியை விலைக்கு வாங்குகின்றான். இழுப்பவனின் வாழ்வு இரண்டினாலும் மாறுவதில்லை. வேடிக்கைக்காகவும் புகைப்படத்துக்காகவும் ஏறுதல் எவ்வகையிலும் தகாது. தேவை கருதி ஏறுவோர் கேட்ட கூலியைப் பேரம் பேசாது கொடுத்தல் குறைந்தபட்சக் கடமை. ஆனால் இழிந்த தொழிலை ஒழிப்பதோடு மாற்றுத் தொழிலையும் உறுதி செய்யும் சமுதாய ஏற்பாடு வரும்வரை இவ்வினா தீராது. தனிமனிதரின் நற்குணம் அதற்கு ஈடாகாது.

அவ்வாறாயின் இரு நாளை எங்ஙனம் வகுக்கலாம்? பத்து இடங்களை ஐந்தாகக் குறைப்போம். சனி காலையில் மண்டபம். நண்பகலில், 1861இல் தாகூர் பிறந்ததும் 1941இல் மறைந்ததுமான ஜோறாசங்கோ இல்லம். மாலையிற் கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகள். ஞாயிறன்று அவற்றிற் பெரும்பாலானவை மூடியிருக்கும். புத்தகம் விற்பவருக்கும் ஓய்வு வேண்டுமன்றோ? அருகிலேயே தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கோப்பிக் கடை உண்டு. ஞாயிறு காலையில் குமார்துலி சென்று, வைக்கோலும் மூங்கிலும் ஆற்றுக் களிமண்ணும் துர்க்கையின் உருவமாக மாறுவதைக் காணலாம். வேலை செய்வோரின் இசைவின்றிப் படம் எடுக்க வேண்டாம். பின்னர்ப் பாலத்தை நடந்தே கடக்கலாம். எஞ்சிய பொழுதுக்குத் திட்டம் வேண்டாம். தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்து, பேசுவோரிடம் பேசலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் றிக்ஷா இழுப்பவன் தெருவில் நிற்பான். 1862இல் ஹௌராத் தொழிலாளர் கேட்டது இன்னும் அவனை வந்தடையவில்லை. நம் ஓய்வு நமக்கு உரிமை என்று கொண்டால், அது அவனுக்கும் உரிமை என்பதை மறுக்க நம்மிடம் நியாயம் ஏதும் இல்லை. பயணத்திலிருந்து நாம் கொண்டுவர வேண்டியது இக்கணக்கே.