அருந்ததி தெரிகிறாளா?

'அம்மி மிதித்து, அருந்ததி பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள் நான்!' கோபம் வந்தால் இப்படிச் சொல்லாத இல்லத்தரசி உண்டா? அம்மி மிதித்தது சரி. அருந்ததியை நிஜமாகவே பார்த்தீர்களா?

காலை வெயிலில் வாத்தியார் வடக்கே கை காட்டி 'தெரிகிறதா?' என்று கேட்டிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். அக்னி சாட்சியாகக் கைப்பிடித்த கையோடு, காணாததைக் கண்டதாக ஒரு பொய்! வாத்தியார் மேல் குற்றமில்லை. நட்சத்திரங்கள் தோன்றிய பிறகு துருவனையும் அருந்ததியையும் காட்டும்படிதான் கிருஹ்ய சூத்திரங்கள் சொல்கின்றன. மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில் நாம்தான் பகலிலேயே முடித்துக்கொள்கிறோம்.

போகட்டும், அந்தப் பாக்கியை இப்போதும் தீர்க்கலாம்.

மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கோலம் போட வாசலுக்கு வருவீர்கள் அல்லவா? கோலமாவை ஓரமாக வைத்துவிட்டு வடக்கிலும் வடகிழக்கிலும் அண்ணாந்து பாருங்கள். கவிழ்த்துப் பிடித்த கரண்டி மாதிரி ஏழு நட்சத்திரங்கள். அதுதான் சப்தரிஷி மண்டலம். கரண்டியின் குழியில் நான்கு பேர், காம்பில் மூன்று பேர். காம்பின் நுனியில் மரீசி. அவருக்கு அடுத்தவர் வசிஷ்டர். வசிஷ்டரை ஒட்டினாற்போல் மங்கலாக ஒரு சின்னப் பொட்டு மினுங்குகிறதே... அவள்தான் அருந்ததி!

வைகாசியில் விடியற்காலை வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரி எட்டரை, ஒன்பது மணிக்கே வடக்கு வானத்தில் பாதி உயரத்தில் தம்பதி தரிசனம் தருவார்கள். ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் தேடாதீர்கள், கிடைக்க மாட்டார்கள்.

பெரியதைக் காட்டி, அதைப் பிடித்துக்கொண்டே சிறியதற்கு அழைத்துப் போகும் இந்த முறைக்கே 'அருந்ததி நியாயம்' என்று பெயர். ஆதிசங்கரர் பிரும்ம சூத்திர பாஷ்யத்தில் இதை எடுத்தாண்டிருக்கிறார். பைனாகுலரும் கையுமாக மொட்டைமாடியில் வானம் பார்ப்பவர்கள் உலகம் முழுக்கச் செய்வதும் இதையேதான். பளிச்சென்ற நட்சத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தாவி, மங்கலானதைப் பிடித்துவிடுகிறார்கள்!

பட்டணத்துத் தெருவிளக்கு அருந்ததியை எளிதில் மறைத்துவிடும். விளக்கு கண்ணில் படாத மூலையில் கால்மணி நேரம் நில்லுங்கள். செல்போனைப் பார்க்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் நேராக முறைக்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். மங்கிய வெளிச்சத்தைக் கண்ணின் ஓரம்தான் நன்றாக உணரும். சாதாரண பைனாகுலர் இருந்தால் கவலையே இல்லை.

சரி, மற்ற ஆறு ரிஷிகளின் பத்தினிகள் எங்கே? மகாபாரதத்தின் வன பர்வத்தில் அந்தக் கதை இருக்கிறது. அக்னி பகவானை அடைய விரும்பிய ஸ்வாஹாதேவி, ரிஷிபத்தினிகளின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுத்தாள். அருந்ததியின் உருவத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. பழி அந்த ஆறு பேர் மேல் விழுந்தது. கணவர்கள் விலக்கி வைத்தார்கள். பாவம், ஒரு தப்பும் செய்யாதவர்கள்! அவர்களே முருகனுக்குத் தாயாராகிக் கார்த்திகை நட்சத்திரமாக நிற்கிறார்கள். தீபத்தன்று பௌர்ணமி நிலவு அவர்களை மங்கச் செய்யும். நாலு நாள் கழித்து, ஏழரை மணிக்குக் கிழக்கே பாருங்கள், சின்னக் கொத்தாகத் தெரிவார்கள்.

அருந்ததியிடமிருந்து ஒளி நம்மிடம் வந்து சேர 80 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்று உங்கள் கண்ணில் படும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது இங்கே பிறந்த குழந்தைக்கு இப்போது சதாபிஷேகமே முடிந்திருக்கும்! வானில் வசிஷ்டரும் அருந்ததியும் ஒரே திசையில் சேர்ந்தே நகர்கிறார்கள் என்கிறார்கள் வானியல் அறிஞர்கள்.

உங்கள் வீட்டில் வைகாசி முகூர்த்தத்துக்கு ஏற்பாடு நடக்கிறதா? ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் பத்து நிமிஷம் வேண்டும் என்று வாத்தியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்து முடித்ததும், உங்கள் வீட்டுக்காரரையும் மேலே கூப்பிடுங்கள்.