நஞ்சும் மருந்தும் கொல்லாமையும்

பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததால் பிறந்த இரத்த அழுத்த மாத்திரையைக் கொல்லாமை விரதம் ஏற்ற சாவகர் உண்ணலாமா?

பிரேசில் நாட்டு அறிஞர் செர்ஜியோ ஃபெரெய்ரா, ஜரராக்கா என்னும் விரியனின் நஞ்சு, குருதிக் குழாய்களை விரிக்கும் பிராடிகினினின் ஆற்றலை மிகுவிப்பதை 1965இல் வெளியிட்டார். நஞ்சிலுள்ள பெப்டைடுகள், குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதையும் தடுப்பது பின்னர்ப் புலனாயிற்று. அவ்வழியே உருவான கேப்டோபிரில் 1981இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. அதன் வழிவந்த எனலாப்ரில் போன்றவை இன்றும் உயிர் காக்கின்றன.

இம்மாத்திரைகளில் நஞ்சு இல்லை; இவை வேதியியல் முறையில் ஆக்கப்படுபவை. இவற்றிற்கெனப் பாம்பைப் பிடிக்க வேண்டுவதில்லை. எனினும், ஆய்வுக் காலத்தில் விலங்குகள் பட்ட துன்பத்தை மறைத்தல் வாய்மையாகாது.

உண்பவரிடம் கொல்லும் சங்கல்பம் இல்லை. ஆதலின் விரதம் முறியாது என்பது எம் கருத்து. ஆயினும் கடன் உண்டு. பாம்பு பயன்தருவது என்பதற்காக அதனைக் காப்பது வணிகமே, அறமன்று. எரியும் கட்டையினுள் தவித்த பாம்புகளுக்கு இரங்கிய பார்சுவநாதர் பயனை எண்ணினாரல்லர்.

காலையில் அம்மாத்திரையை ஏந்திய கை, மாலையில் இல்லம் புகுந்த பாம்பின்மேல் கோல் ஓங்குமாயின், விரதம் முறிவது அங்கேதான்.