கிட்டார் வரும் நேரம்

பணம் கட்டியாயிற்று, ஈப்போ கடையிலிருந்து கிட்டார் இன்னும் வந்து சேரவில்லை. சுங்கை சிப்புட் பக்கம், பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்துப் பிள்ளைக்கு வாசலில் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் அது கூரியர் வேன்தான். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் இளையராஜா ஒலிக்கவைத்த கிட்டாரைக் கேட்டு வளர்ந்த வீடு. விரல்கள் இப்போதே மேசை விளிம்பில் கம்பி தேடுகின்றன. இந்தப் பரபரப்பை அடக்கச் சொல்ல மாட்டேன். கற்கும் ஊக்கத்தில் பாதி அதுதான்.

வந்தபின் கவனம் வேண்டும். மரக் கிட்டாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் ஒத்துவரும். இந்தப் பேராக் மாநிலக் காற்றிலோ ஈரப்பதம் அதைவிட மிக அதிகம். ஈரம் ஏறினால் மேற்பலகை உப்பும், கம்பி உயரும். வாசித்ததும் கம்பிகளைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் வையுங்கள்.