பனி பெய்த இரவும் தட்டின கதவும்



ஆகஸ்டு 5-ந் தேதி நெருங்கினால் நம் முத்துக்குளித்துறை ஊர்களில் யாருக்கும் வீட்டில் கால் தரிக்காது. தூத்துக்குடியில் 1713-ம் ஆண்டு கட்டி முடித்த தேவமாதாவின் கோயிலை நோக்கி ஜனம் புறப்பட்டுவிடும். அந்தத் தாயாரை நாம் பனிமய மாதா என்று அழைக்கிறோம். ஆனால் பனி என்றால் நமக்கு என்ன தெரியும்? மார்கழி விடியலில் வலைமேல் படிந்திருக்கும் ஈரம். அதற்கே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பூசைக்கு வருகிறோம்!

உரோமாபுரியில் நாலாம் நூற்றாண்டில், லிபேரியுஸ் பாப்பானவர் காலத்தில், கடுங்கோடையில் ஒரு மலைமேல் உறைபனி பெய்து, மாதா தமக்குக் கோயில் எழும்பவேண்டிய இடத்தைக் காட்டினார்கள் என்பது பரம்பரை. விசுவாச சத்தியம் என்று யாரும் சொல்லவில்லை, பக்தியுள்ள பரம்பரை. அந்த நாளை நினைத்து இன்றும் அந்தப் பேராலயத்தில் மேலிருந்து வெண்மையான பூவிதழ்களைத் தூவுகிறார்கள். பூவைப்போல் விழும் இந்தப் பனியையே நாம் மனதில் வைத்திருக்கிறோம். மெய்யான பனி ஒரு வீட்டை எப்படி மூடும் என்பதை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் பபலோ என்று ஒரு பட்டணம் உண்டு. ஈரி என்னும் பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. ஏரி உறைந்துபோகுமுன் குளிர்காற்று அதன்மேல் வீசினால், தண்ணீரின் ஈரத்தை வாரி எடுத்து, கரையேறினதும் பனியாகக் கொட்டிவிடும். ஆகையால் பனிக்குப் பழகின ஊர் அது. பழகினவர்களையே 2022-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் கலங்கடித்தது. டிசம்பர் 23-ந் தேதி வெள்ளிக்கிழமை தொடங்கி நாலு நாளில் விமான நிலையத்தில் அளந்த பனி ஏறக்குறைய 52 அங்குலம். பெரிய ஆள் ஒருவரின் மார்பளவு! காற்றோ மணிக்கு 70 மைல் வரை. நீட்டின கை கண்ணுக்குத் தெரியாது. வாசற்கதவைத் திறந்தால் வெளியே வெள்ளைச் சுவர். அநேக வீடுகளில் மின்சாரம் நின்று, கணப்பும் அணைந்துபோயிற்று. வியாதிக்காரரை ஏற்றும் வண்டியும் நெருப்பணைக்கும் வண்டியும் கூடப் பனியில் புதைந்து நின்றன. 40 பேருக்கு மேல் மாண்டார்கள். சிலர் வீதியில், சிலர் தங்கள் மோட்டாருக்குள். சிலர் தங்கள் சொந்த வீட்டிலேயே குளிரில் மாண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, பபலோவை அடுத்த சீக்டவாகா என்ற ஊரில், பனியில் அகப்பட்ட சிநேகிதனுக்கு உதவப் போன 27 வயது வாலிபன் தானே அகப்பட்டுக்கொண்டான். மோட்டார் பழுது பார்ப்பது அவன் தொழில். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினான். தரையில் படுத்துக்கொள்ள மாத்திரம் இடம் கொடுங்கள், 500 டாலர் தருகிறேன், உயிருக்குப் பயமாயிருக்கிறது என்று கெஞ்சினான். மாட்டோம் என்றார்கள். அடுத்த வீட்டிலும் மாட்டோம் என்றார்கள்.

நாள் எதுவென்று பாருங்கள். மறுநாள் இரவு அந்த வீடுகளில் குடிலில் திவ்விய பாலனை வைத்திருப்பார்கள். சத்திரத்தில் இடமில்லை என்ற சுவிசேஷம் அவர்களும் சிறுபிராயமுதல் கேட்டதுதானே.

ஆனாலும் அவர்களைக் குற்றஞ்சாட்ட எனக்கு நாவெழவில்லை. உள்ளே குழந்தைகள் இருந்திருக்கலாம். தனியாய் ஒரு ஸ்திரீ இருந்திருக்கலாம். முகந்தெரியாத வாலிபன் இரவில் கதவைத் தட்டினால் பயம் வராதா? என் காரியத்தையே சொல்லுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழையில் நள்ளிரவில் பங்களாக் கதவை யாரோ தட்டினார்கள். எனக்குக் கேட்டது. காய்ச்சல் உடம்பு, உபதேசியார் எழுந்து பார்ப்பார் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். உபதேசியார் அன்று ஊரில் இல்லை என்பது எனக்குத் தெரியும். மூன்று தரம் தட்டிவிட்டு ஓய்ந்துபோயிற்று. அவஸ்தைப்படுகிறவர்களுக்காகக் கூப்பிட வந்தார்களோ, ஒதுங்க வந்தார்களோ, இன்றுவரை அறியேன். அவஸ்தைப்பூசுதலுக்கு அழைப்பு வரும்போதெல்லாம் அந்தச் சத்தம் என் காதில் விழுகிறது.

அந்த வாலிபன் என்ன செய்தான்? தன் வண்டிக்குத் திரும்பினான். தனக்கே இடமில்லாதவன், வழியில் தத்தளித்த வேறு இருவரை அதற்குள் சேர்த்துக்கொண்டான். ஒருவன் வாலிபன், மற்றவள் வயது முதிர்ந்த ஸ்திரீ. காலையில் பெட்ரோல் தீர்ந்துபோகும் நிலைமை. பக்கத்தில் பள்ளிக்கூடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. ஜன்னலை உடைத்து உள்ளே போய்க் கதவைத் திறந்தான். பின்பு வெளியே வந்து, பனியில் நின்ற மற்ற வண்டிகளிலிருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போனான். 20 பேருக்கு மேல் அங்கே பிழைத்தார்கள். அவர்களில் 7 பேர் முதியோர். சமையலறையில் இருந்ததை எல்லாரும் பகிர்ந்து தின்றார்கள். போகும்போது இடத்தைச் சுத்தம்பண்ணி, ஜன்னலை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, கிறிஸ்துமஸ் வாழ்த்தும் சொல்லி, ஒரு சீட்டு எழுதிவைத்தான். போலீசார் அவனைத் தேடினார்கள், நன்றி சொல்ல!

அதே வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரில் வேறொரு கதவும் தட்டப்பட்டது. நயாகரா நீர்வீழ்ச்சி பார்க்கப் போன கொரியா தேசத்தாரின் வண்டி பள்ளத்தில் சிக்கிவிட்டது. பனி தள்ள மண்வெட்டி கொடுங்கள் என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு பல் வைத்தியர். மண்வெட்டியால் ஆகாது, உள்ளே வாருங்கள் என்றார் அவர். பத்துப் பேர். நாற்காலியிலும் தரையிலும் படுத்து ஞாயிறுவரை அங்கேயே இருந்தார்கள். அந்தத் தம்பதிகள் கொரியச் சமையலில் பிரியமுள்ளவர்களாம். வேண்டிய சாமான்களெல்லாம் வீட்டில் இருந்தன. விருந்தாளிகளே அடுப்படியில் நின்று சமைத்தார்களாம். தற்செயல் என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும்.

நம் ஜனமும் இதை அறியாததல்ல. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி, திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றபோது, புதுக்குடி ஊரார் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கி அந்நியருக்குப் போட்டார்கள்.

ஆகையால் இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாதேயுங்கள். தகப்பனும் தாயும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசுங்கள். மழைக்காலம் தூரத்தில் இல்லை. நடுச்சாமத்தில் தட்டுகிற சத்தம் கேட்டால் நம் வீட்டில் யார் எழுந்து போவது? தனியாய்ப் போகப் பயமென்றால் பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடுவது? உபரிப் பாய் எங்கே இருக்கிறது, காய்ந்த துணி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள். பங்களாவில் என் கட்டிலை வாசல் பக்கத்து அறைக்கு மாற்றியிருக்கிறேன்.